பாலும் படாமல், தண்ணீரும் படாமல்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே நோண்டுகிற புத்தி. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்து மோட்டார் ஓடாமல் நின்றால், மெக்கானிக் வருவதற்குள் நான் மூடியைக் கழற்றியிருப்பேன். "இன்னாத்த நோண்டிக்கினு கீற, கரண்டு தூக்கிப் போட்டுடும்" என்று நைனா வரப்பிலிருந்தே கத்துவார். கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்த பிறகு நோண்டுவதற்கு அடுப்படிதான் மிச்சம். அப்படித்தான் கேக்கு சுடப் பழகினேன். இப்போது மாடி வீட்டில் ஒரு சின்ன ஓவனை வைத்துக்கொண்டு பிறந்தநாள் கேக்கும் பிஸ்கட்டும் செய்து கொடுக்கிறேன். அந்த ஓவனுக்குள் முட்டை நுழைந்ததே இல்லை. பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். மலையடிவாரத்து ஊரில் கேக்கு கேட்டு போன் செய்கிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பதே முட்டை போட்டிருக்கிறதா என்பதுதான். எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.

வீட்டுச் சொந்தக்காரர்கள் கீழே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகக் கோயில் கைங்கரியத்தில் இருக்கும் தமிழ் வைணவக் குடும்பம். மாமா விடியும் முன்பே கோயிலுக்குப் போய்விடுவார். மாமியின் உலகம் அவருடைய சமையலறையும் அதை ஒட்டிய பெருமாள் அறையும். காலையில் குளித்து, தனியாக உலர்த்திய மடிப்புடவையைக் கட்டிக்கொண்டால், சமைத்துப் பெருமாளுக்குப் படைத்து முடிக்கும்வரை யாரையும் எதையும் தொடமாட்டார். நான் குடிவந்த புதிதில் ஒருநாள் கொடியில் துணி எடுக்கும்போது என் துப்பட்டா நுனி மாமிமேல் பட்டுவிட்டது. அவர் நேராகத் திரும்பிப் போய் இன்னொரு முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அந்தச் சத்தம் மாடிவரை கேட்டது. எனக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து மாமி படியருகில் இருந்தால் நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டுதான் இறங்குவேன்.

அவர்கள் மருமகள் சித்தூர்ப் பெண். அம்மா வீட்டில் பிரசவமாகி, மூன்று மாதக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். புருஷனுக்குப் பெங்களூரில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போவான். வந்த கொஞ்ச நாளில் குழந்தையின் அழுகை ஒரு மாதிரியாக மாறியது. பசிக்கு அழுகிற குழந்தை பால் குடித்ததும் அடங்கும். இது குடித்த பிறகுதான் காலை மடக்கிக்கொண்டு வீறிடும். பிறகு வெளிக்குப் போன துணியில் சளி மாதிரி வந்தது. அதில் சிவப்பாகக் கோடு கோடாக ரத்தம்.

டாக்டரிடம் போய்விட்டு வந்தவள் நேராக மாடிக்கு வந்து, என் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். பசும்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். குழந்தைதான் பசும்பாலே குடிக்கவில்லையே என்றேன். அம்மா சாப்பிடுவது தாய்ப்பாலில் கொஞ்சம் போகுமாம். அந்தக் கொஞ்சமே சில குழந்தைகளின் குடலைப் புண்ணாக்குமாம். "பாலு, பெருகு, வென்ன, நெய்யி அன்னி மானெய்யண்டி" என்று டாக்டரம்மா தெலுங்கில் சொல்லியிருக்கிறார். பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும். அடுத்த முறை வரும்போதும் ரத்தம் நிற்கவில்லையென்றால் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, அதற்கென்று இருக்கும் பவுடர் பாலுக்கு மாற்றிப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

"பாட்டிலுக்குப் பழகிட்டா அவ எங்கிட்ட வரவே மாட்டாக்கா" என்றாள். "ஆபரேஷன் பண்ணி எடுத்தா. முதல் பத்து நாள் பாலே வரலை. எவ்வளவு கஷ்டப்பட்டு வந்துது தெரியுமா? இப்போ போய் நிறுத்துன்னா நான் என்ன பண்ணுவேன்?"

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஆனால் என் புத்தி என் புத்திதானே. அழுகிறவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவள் தின்றது வயிற்றைத் தாண்டி ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து பாலுக்குள் எப்படிப் போகும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பாலை விட்ட பிறகுதான் அவளுக்குப் பசி என்றால் என்னவென்று தெரிந்தது. மோர் சாதம் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு சாப்பாடும் முடியாது. வெங்காயம், பூண்டு கிடையாது. இப்போது நெய்யும் தயிரும் போனால் மிச்சம் என்ன? சாதம், சாத்தமுது என்று அவர்கள் சொல்லும் ரசம், ஒரு கறி. பால் கொடுக்கிறவளுக்கு அது எந்த மூலைக்கு? கடையில் எந்த பிஸ்கட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் பால்பவுடர், இல்லாவிட்டால் வெண்ணெய். ஒருநாள் மத்தியானம் மேலே வந்து, "அக்கா, பால் இல்லாம ஏதாவது பண்ணித் தரேளா? பசி தாங்கலை" என்று கேட்டாள்.

"பண்ணித் தரேன். ஆனா என் கைல செஞ்சத உங்க மாமி துன்ன உடுவாங்களா?" என்றேன்.

அதற்கு மாமியிடமிருந்தே பதில் வந்தது. அவர் கீழிருந்து அண்ணாந்து, "தண்ணி படாமப் பண்ணினதுன்னா பாதகமில்லை. வெளியாள் தண்ணி விட்டுப் பிசைஞ்சாத்தான் எங்காத்துல சேராது. பால் விட்டுப் பிசைஞ்சாச் சேரும்" என்றார்.

"பாலுதான் ஆவாதே மாமி."

"அதான். தண்ணியும் வேண்டாம், பாலும் வேண்டாம். உன்னால முடியும்னா பண்ணு."

சவால் விட்டாரா, கேலி செய்தாரா என்று தெரியவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன்.

பிஸ்கட்டில் வெண்ணெய் என்ன வேலை செய்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. அது இல்லாமல் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. நைனா அனுப்பிய செக்குக் கடலை எண்ணெயை ஊற்றிப் பிசைந்தேன். தட்டில் வட்டமாக வைத்தது உள்ளே போனதும் பரந்து, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையாக வந்தது. குளிரில் இறுகி, சூட்டில் மெதுவாக இளகுகிற கொழுப்பு வேண்டும் என்று புரிந்தது. தேங்காய் எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்து இறுக வைத்தேன். அதில் பொடித்த வெல்லத்தைப் போட்டு அடித்தபோது, வெண்ணெய் மாதிரியே நுரைத்து வந்தது. அடுத்தது மாவு. கேழ்வரகு மட்டும் போட்டால் கையில் எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. கோதுமை கொஞ்சம் சேர்த்தேன். அப்போதும் சேரவில்லை, கொஞ்சம் ஈரம் தேவைப்பட்டது. ஈரத்துக்குத்தான் எங்கே போவது? தண்ணீரும் கூடாது, பாலும் கூடாது. கடைசியில் இளந்தேங்காயைத் துருவி, மிக்சியில் சொட்டுத் தண்ணீர் விடாமல் அரைத்து, துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தேன். மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. ஒரு கரண்டி கெட்டித் தேங்காய்ப்பால் வந்தது. அது போதுமானதாக இருந்தது.

"யாருக்காவ இப்டி உயிர உட்டுக்கினு கீற?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நாயுடுபேட்டை கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து, உதிர்ந்ததையெல்லாம் டீயில் போட்டு ஸ்பூனால் தின்றுகொண்டிருந்தார்.

"கொழந்தைக்காவ" என்றேன். பாதி உண்மை. மீதிப்பாதி, முடிகிறதா இல்லையா என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

வெல்லம் அவள் அப்பா சித்தூர் மண்டியிலிருந்து அனுப்பியது. வறுத்த வேர்க்கடலையும் எள்ளும் எங்கள் ஊரிலிருந்து வந்தவை. ஓட்ஸ் கொஞ்சம் போட்டேன், சுக்குப்பொடி ஒரு சிட்டிகை. சுட்டு ஆறியதும் விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருந்தது. அவள் படியிலேயே நின்று ஒன்றைத் தின்றாள், இன்னொன்றை எடுத்தாள், பிறகு டப்பாவையே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாயில் பிஸ்கட்டோடு, "அப்பாடா" என்றாள். ஒருத்தி பசி ஆறுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அன்றைக்கு எனக்கே வயிறு நிறைந்துவிட்டது.

ஆனால் குழந்தைக்கு நிற்கவில்லை. அழுகை கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. துணியில் மட்டும் சிவப்புக் கோடு வந்துகொண்டே இருந்தது. பால் போய் நாளாகிவிட்டது, தயிர் போயிற்று, ரசத்துக்கு நல்லெண்ணெயில்தான் தாளிப்பு. வெளியிலிருந்து அந்தப் பெண்ணின் வாய்க்குள் புதிதாகப் போவது ஒன்றே ஒன்றுதான். மாமி கணக்குப் போட்டுவிட்டார்.

கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் ஒண்ணும் சொல்லலைம்மா. ஆனா உன் ஓவன்ல ஊருக்கெல்லாம் வெண்ணெய் போட்டுக் கேக்கு பண்றே. அதுல ஒட்டிண்டிருக்கறது இதுல வராதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுக்கென்றே தனித் தட்டு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்திருந்தேன். "இல்லவே இல்ல மாமி" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகு சந்தேகம் வந்தது. ஒருவேளை இருக்குமோ? ஓவனின் கம்பிகளைக் கழற்றிச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். எனக்கே தெரியாமல் பால் எதிலாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு டப்பாவாக எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். எதிலும் இல்லை. பிறகும் மனசு கேட்காமல், சில நாள் பிஸ்கட் சுடுவதையே நிறுத்தினேன். அவள் பசியோடுதான் இருந்தாள். சிவப்புக் கோடு அப்படியேதான் இருந்தது. அப்படியென்றால் அது என் வீட்டிலிருந்து வரவில்லை. வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து?

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. கடுகு வெடிக்கும்போதும் அதே யோசனை, ஆட்டோவில் போகும்போதும் அதே யோசனை. அவளுக்கு டாக்டரிடம் போக வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புருஷன் போனில், "பவுடருக்கு மாத்திடலாம், உன்னை நீயே வருத்திக்காதே" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அவளுக்கு அதுவே பெரிய அடியாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் குழந்தை தூங்கியதும், தன் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள். எல்லாரும் தன் தட்டையே பார்க்கிறார்கள், சாப்பிடவே பிடிக்கவில்லை என்றாள். தட்டில் வெறும் சாதம், ஓரத்தில் ஒரு கறி, பக்கத்தில் கிண்ணத்தில் ரசம். ரசத்தைச் சாதத்தில் ஊற்றினாள். நான் பேசிக்கொண்டே பார்த்தேன். சாதத்தைத் தொட்ட இடத்தில் ரசத்தின் மேல் பொட்டுப் பொட்டாக எண்ணெய் மிதந்தது. ஆனால் கிண்ணத்தில் இருந்த ரசத்தில் அவ்வளவு இல்லை.

"இரு, இரு. துன்னாத" என்றேன்.

ரசம் படாத ஓரத்திலிருந்து நாலு பருக்கையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினேன். தினமும் மாவில் எண்ணெய் போதுமா என்று இப்படித்தான் பார்ப்பேன். விரல் வழுக்கியது. மோந்து பார்த்தேன். லேசாக, கருகிய வாசம். வீட்டில் காய்ச்சிய நெய்யின் அடிக் கசண்டு வாசம்.

"இந்தச் சோத்துல நெய் கீதுமா."

"சான்ஸே இல்லைக்கா. மாமி எனக்குத் தனியா வெறும் சாதம்தான் போடறா. நான்தான் பார்த்துண்டே இருக்கேனே."

அவளையும் தட்டையும் கூட்டிக்கொண்டு கீழே போனேன். மாமி சாப்பிட்டு முடித்துக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமா கோயிலிலிருந்து வந்து நாற்காலியில் இருந்தார். நான் வாசற்படியிலேயே நின்று, கூடியவரை பணிவாகத்தான் கேட்டேன். மாமியின் முகம் சிவந்துவிட்டது.

"நானா? நான் அவளுக்கு நெய் போடறேனா? அவ தட்டுப்பக்கம் நெய்க்கிண்ணம் போயி எத்தனை நாளாச்சுன்னு அவளையே கேளு. என் பேத்திக்கு நானே விஷம் வெப்பேனா?"

"போடலை மாமி, நீங்க போடலை" என்று மருமகள் பதறினாள். விரலில் இன்னும் பிசுபிசுப்பு இருந்தது. அந்த விரலை நீட்டினேன்.

மாமா என் விரலைப் பார்த்தார். பிறகு பெருமாள் அறையின் மூடிய திரையைப் பார்த்தார். மெதுவாக, "அன்ன சுத்தி" என்றார்.

அவர்கள் மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. மாமாதான் சொன்னார். அவர்கள் வீட்டில் எதையும் பெருமாளுக்குப் படைத்த பிறகுதான் சாப்பிடுவார்கள். வடித்த சாதம் அப்படியே படைக்கத் தகுந்ததல்ல. மேலே உருக்கிய நெய் விட்டால்தான் அது சுத்தமாகும். திரைக்குப் பின்னால் படைத்து முடித்த சாதத்தை, மறுபடி பானையில் இருக்கும் சாதத்தோடு கலந்துவிடுவார்கள். பிறகுதான் எல்லாருக்கும் பரிமாறுவது. காலையிலும் அப்படியே, சாயங்காலமும் அப்படியே. இரண்டு சொட்டு என்றுதான் பேச்சு. ஆனால் பெருமாளுக்கு ஊற்றும்போது மாமியின் கை தாராளம்.

"அது நெய்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றார் மாமி. "அது பெருமாளுக்குன்னா விடறேன். அவளுக்குன்னு நான் விடலையே."

"நானும் ஊத்தியிருக்கேன் மாமி. எங்காத்துலயும் ஊத்துவா. எனக்கும்தான் தோணலை" என்றாள் மருமகள்.

மாடியிலிருந்து வருகிற பிஸ்கட்டில் தண்ணீர் பட்டதா என்று கேட்ட வீடு. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிமிஷம் சிரிப்புகூட வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. தனியாக ஒரு கிண்ணம் நெய் இல்லாமல் வடித்துக் கொடுத்தால் ஆயிற்று என்று நான் சுலபமாகச் சொல்லிவிட்டேன். அது அவ்வளவு சுலபமில்லை என்று மருமகள் பிறகு விளக்கினாள். நெய் விடாததைப் படைக்க மாட்டார்கள். படைக்காததைச் சாப்பிட மாட்டார்கள். அந்த வீட்டில் பிறந்த நாளிலிருந்து யாரும் அப்படிச் சாப்பிட்டதில்லை.

மறுநாள் மத்தியானம் அவள் தட்டோடு வந்தாள். சாதத்தின் மேல் ஒரு துளசி இலை இருந்தது. "மாமி எனக்குன்னு தனியா ஒரு கிண்ணத்துல வெச்சு, துளசி மட்டும் போட்டுப் படைச்சுட்டா. திரைக்குள்ள ரொம்ப நேரம் பேசிண்டிருந்தா. என்ன பேசினான்னு தெரியலை" என்றாள். நான் பருக்கையை நசுக்கிப் பார்த்தேன். விரல் வழுக்கவில்லை. அன்று மறுபடி ஓவனைப் பற்றவைத்தேன். என் பிஸ்கட்டின் மேல் இருந்த பழி போனதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. எள்ளைக் கூடுதலாகவே தூவினேன்.

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. உடம்பிலிருந்து எல்லாம் வடிய நாளாகும் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். போக வேண்டிய நாளைக் கொஞ்சம் தள்ளி வாங்கிக்கொண்டாள். நான் தினமும் படியிறங்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். சொன்னால் கண்பட்டுவிடுமோ என்ற பயம் போலிருக்கிறது. எனக்கோ கேட்காமல் இருக்க முடியவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தல்லி பாலே இவ்வண்டி" என்று அனுப்பிவிட்டார். தாய்ப்பாலே கொடுங்கள் என்று. பவுடர் டப்பா அந்த வீட்டுக்குள் வரவே இல்லை. இப்போது அதே டாக்டரிடம் போகிற நாலைந்து தாய்மார்கள் என்னிடம் பிஸ்கட் வாங்குகிறார்கள். நானும் ஒவ்வொருத்தியையும், காலையிலிருந்து வாய்க்குள் போனதையெல்லாம் சொல்லு, சாமிக்குப் படைத்ததையும் சேர்த்துச் சொல்லு என்று குடைந்து எடுக்கிறேன்.

ஆனால் எனக்கு விஷயம் தெரிந்தது டாக்டர் சொல்லி அல்ல. அதற்கு முன்பே ஒருநாள் காலை. நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அந்த வீட்டில் யாரும் அப்படி ஏறி வந்து நான் பார்த்ததில்லை. திரும்பினால் வாசலில் மாமி. ஈரத் தலை, மடிப்புடவை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். கையில் குழந்தையின் அழுக்குத் துணி. தோய்க்காதது.

நான் அனிச்சையாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். மாமி அதைக் கவனிக்கவே இல்லை. உள்ளே வந்து, என் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்தார்.

"நாலஞ்சு நாளா இப்படித்தான் இருக்கு. என் கண்ணு சரியில்லை, நான் நம்பலை. நீ பாரு. நீதான் எல்லாத்தையும் நோண்டி நோண்டிப் பார்ப்பியே. நன்னாப் பார்த்துச் சொல்லு. எங்கயாவது சிவப்பா இருக்கா?"

துணியை வாங்கி வெளிச்சத்தில் விரித்தேன். மடிப்பு மடிப்பாகப் பார்த்தேன். திருப்பிப் போட்டும் பார்த்தேன். நல்ல மஞ்சள். வேறு ஒன்றும் இல்லை.

"இல்ல மாமி. சுத்தமா கீது."

மாமி என் மாவுப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புடவையெல்லாம் மாவு. தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் முழங்கையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார்.

"போய்க் குளிக்கணும்" என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. என் கையை விடவும் இல்லை.

அன்று கீழ்வீட்டுப் பெருமாளுக்குச் சாப்பாடு ரொம்ப நேரம் கழித்துத்தான் கிடைத்தது.